அண்ணன் நறுக்கிய கரும்பு

புருஷனின் அடி பொறுக்க முடியாமல் திருக்காட்டுப்பள்ளியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பொங்கல் நெருங்கியது.

"சீரு மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் போகணும். நீயும் கூடவே போயிடும்மா, ஊரு பேசுது" என்றாள் அம்மா.

போகியன்று காலை, பைக்கில் கட்டுவதற்காக அண்ணன் ஒரு கரும்பைத் தூக்கினான். என்னையறியாமல் இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு குனிந்துவிட்டேன்.

அண்ணன் அப்படியே நின்றான். பிறகு கரும்பை மெதுவாகக் கீழே வைத்தான்.

"சீரு எங்கயும் போகலம்மா. தங்கச்சி இங்கதான இருக்கா."

அம்மா சீர்ச் சாமான்களை உள்ளே எடுத்துப்போனாள்.

பொங்கலன்று தெருவில் எல்லார் வாசலிலும் முழுக் கரும்பு நின்றது. எங்கள் வாசலில் இல்லை. அண்ணன் அதைக் கொல்லையிலேயே துண்டுகளாக நறுக்கி, தட்டில் வைத்து என்னிடம் நீட்டினான்.

இனிப்பாகத்தான் இருந்தது. ஒரு கரும்புக்குக்கூட ஒடுங்குகிறவளாக நான் எப்போது ஆனேன் என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.