ஐஸ் தொடாத ஒரு நாள்

காசிமேட்டு மீன் கடையில் ஐஸ் உடைத்துப் போடுவது என் வேலை. கூவி விற்பது சேகர். எனக்கு நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம்.

என் மகள் மருதாணிக் கோன் போடப் பழகியிருந்தாள். நிறம் பிடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வேலை தருவோம் என்றார்கள் ஒரு கல்யாண வீட்டார். அவள் கையெல்லாம் போட்டுப் பழகியே நிரம்பிவிட்டதால் ராத்திரி என் இடது கையில் போட்டாள். காலையில் கழுவாமல் உதிர்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

"சாயந்தரம் அவங்க வர்றவரைக்கும் தண்ணி படக்கூடாதுப்பா. அப்பதான் நல்லா செவக்கும்."

கடையில் கையை மறைத்தேன். சேகர் பிடித்து இழுத்தான்.

"இன்னா நைனா, உனுக்குக் கண்ணாலமா?"

எல்லோரும் சிரித்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் என் சுத்தியலை வாங்கிக்கொண்டான்.

"ஐஸ நான் பாத்துக்கறேன். நீ கூவு."

"எனுக்கு வராதுபா."

"அப்ப நீயே ஒடை. கலரு போவட்டும்."

கூவினேன். முதலில் எனக்கே கேட்கவில்லை. பிறகு அந்தக் கையையே ஆட்டி, "வஞ்சிரம்! வஞ்சிரம்!" என்று கத்தினேன்.

மகளுக்கு வேலை கிடைத்தது. ஆனால் என் மனதில் நிற்பது, கடை மூடும்போது பார்த்த சேகரின் கைகள்தான். ஐஸில் வெளுத்து, டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் நடுங்கின.

"என்னுத வுடு. உன் கையக் காட்டு, செவந்துச்சா?" என்றான்.

இத்தனை வருடம் பக்கத்திலேயே நின்றும், அவனை வாய்க்காரன் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.