நல்ல நாளுக்கு வைத்த மெஸ்கால்

1. உள்ளங்கை

மெல்பர்னில் மதுபானம் இறக்குமதி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில், வாங்க வருகிறவர்களுக்குச் சரக்கை ருசி காட்டி விளக்கும் டேஸ்டிங் நடத்துவது என் வேலை. சேர்ந்த அன்றே பாஸ் கிரெக் சொல்லிவிட்டார்: "மெஸ்கால் மடக்குனு விழுங்குற சரக்கு இல்லம்மா."

மெக்சிகோவில் ஒருவகைக் கற்றாழையைக் குழியில் சுட்டு, புளிக்கவைத்து, வடிப்பது அது. ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்து முகர வேண்டும். ஸ்பிரிட் பறந்துவிடும், சுட்ட கற்றாழை வாசனை மிஞ்சும். ஒரு தடவை வடித்த பேட்ச் மாதிரி அடுத்தது இருக்காது.

2. எலோய் கொடுத்தது

தன் மெஸ்காலை அறிமுகப்படுத்த எலோய் என்பவர் மெக்சிகோவிலிருந்து வந்திருந்தார். கிளம்பும்போது லேபிள் ஒட்டாத ஒரு பாட்டிலை என்னிடம் நீட்டி, அரைகுறை இங்கிலீஷில் சொன்னார்: "காட்டுக் கற்றாழை. இந்த பேட்ச்ல மிச்சம் இதுதான். இன்னிக்கே வீட்டுல குடிங்க."

"என் பொண்ணு பட்டம் வாங்குற அன்னிக்குத் திறப்பேன்" என்றேன். அவர் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன். கிளென் வேவர்லியில் என் வீட்டு அலமாரியில் அதைப் பத்திரப்படுத்தினேன்.

3. வெறும் ஈரம்

அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சல் வந்து போனது. வேலைக்குத் திரும்பிய முதல் டேஸ்டிங்கில் கையைத் தேய்த்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. அடுத்த பாட்டில். வெறும் ஈரம். எதிரே ரெஸ்டாரன்ட்காரர்கள் காத்திருந்தார்கள்.

"மன்னிக்கணும், எனக்கு வாசனை தெரியல."

மீதியை கிரெக் நடத்தினார். "வந்துரும், கவலைப்படாத" என்றார். டாக்டரும் அதையேதான் சொன்னார். மாதங்கள் போயும் வரவில்லை. என்னை ஆர்டர் பிரிவுக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை. ஆனால் டேஸ்டிங் ரூமைக் கடக்கும்போது நடையை வேகப்படுத்திக்கொள்வேன்.

கிளேட்டன் யுனிவர்சிட்டியில் என் மகள் யாழினி பட்டம் வாங்கிய மத்தியானம் பாட்டிலைத் திறந்தோம். எனக்கு நாக்கில் எரிச்சல் மட்டும். அவள் கண்ணை மூடி முகர்ந்தாள்.

"அம்மா, ஏதோ பழம்... இல்ல, மழை பெஞ்ச விறகு. எனக்குச் சொல்லத் தெரியலம்மா."

"எந்தப் பழம்? இனிப்பா, புளிப்பா?" திரும்பத் திரும்பக் கேட்டேன். தெரிந்த வார்த்தைகளையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் அழுதுவிட்டாள்.

எலோய்க்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "இந்த வருஷ பேட்ச் வேற மாதிரி வந்திருக்கு. அனுப்பட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, நல்ல சரக்கு கைக்கு வந்தால் அன்றைக்கே திறந்துவிடுங்கள். அதற்கென்று தனியாக ஒரு நல்ல நாள் வேண்டாம்.