கத்தரிப்பூ நிற வண்டி

கார் கதவைத் திறந்ததும் தலையை உள்ளே விட்டு மூக்கை உறிஞ்சுவார் தரகர். "நாய் வளக்கிறீங்களோ?" என்பார். விற்க வந்தவர் முகம் சுருங்குவதற்குள் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் வெளியே வந்திருக்கும். கதவு விளிம்பைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்து, நசுங்கல், கீறல், மறுபடி பெயின்ட் அடித்த இடம் என்று எதையும் விடாமல் வட்டம் போடுவார். பத்தாவது வட்டம் விழுமுன் சொந்தக்காரரே விலையைக் குறைத்துவிடுவார்.

பழைய கார் வாங்கி விற்பதில் இருபத்திரண்டு வருடப் பழக்கம். "ஓடி ஓடி விலை கொறையற வண்டி கொஞ்சம்தாங்க. கம்பெனிக்காரன் ஒரு மாடல கைகழுவினா மறுநாளே பாதி வெல. சைடு கண்ணாடி ஒடஞ்சா மூணு மாசம் காத்துக் கெடக்கணும்னா எவன் தொடுவான்? டாக்ஸிக்காரன் எத வாங்குறான்னு பாருங்க. அவனுக்கு வண்டி மேல காதல் கெடையாது, ஏமாறவும் மாட்டான்."

நிறம் என்று வந்தால் குரல் ஏறும். "வெள்ளைய யார் தலையிலயும் கட்டிடலாம். கத்தரிப்பூ கலர்னா, அதே மாதிரி இன்னொரு கிறுக்கு தேடி வரணும்." மனைவி காதில் விழாத தூரத்தில்தான் இதைச் சொல்வார். ஏனென்றால் அவர் வீட்டு வாசலில் நிற்பதே கத்தரிப்பூ நிற வண்டிதான். மனைவி ஆசைப்பட்டு வாங்கியது. எட்டே மாதத்தில் கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டது.

மனைவி நர்ஸ். போன வாரம் டியூட்டிக்குப் போகும் வழியில் மூன்றாம் முறையாக வண்டி நடுரோட்டில் படுத்துக்கொண்டது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள இத வித்து வேற வாங்குங்க. இல்ல, தினம் காலைல அஞ்சு மணிக்கு நீங்களே என்னைக் கொண்டுபோய் விடுங்க" என்றுவிட்டாள். எட்டு மணிக்கு முன் எழுந்து அறியாத மனிதர் ஆடிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே ஒருவர் தேடி வந்தார். ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர். "அடடா, இந்தக் கலருக்குத்தான் ரெண்டு வருஷமா அலையறேன்!" என்று கையைத் தட்டினார். மனைவி தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினாள்.

உட்புறம் காட்டத்தான் தரகர் கதவைத் திறந்தார். தலை தானாக உள்ளே போயிற்று. மூக்கு உறிஞ்சிற்று. "ஈர வாடை. கால்மிதிக்குக் கீழ தண்ணி எறங்கியிருக்கு" என்றார், யாரும் கேட்காமலே. கட்டைவிரல் விளிம்பில் ஓடியது. சாக்பீஸ் வந்தது. கத்தரிப்பூ மேல் வெள்ளை வட்டம் என்னமாய் எடுத்துக் காட்டுகிறது! ஏழாவதை முடித்து நிமிர்ந்தபோது டீச்சர் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"வந்தவங்க எங்கே?" டம்ளரோடு மனைவி நின்றாள்.

"வண்டி சரியில்லம்மா" என்றார், தானே வாங்க வந்தவர் போல.

அவள் டம்ளரைக் காரின் கூரைமேல் வைத்தாள். அவர் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி, உச்சந்தலை வழுக்கையைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போட்டாள். அவளுக்கு எட்டட்டும் என்று அவர் கொஞ்சம் குனிந்து கொடுத்தார்.