ஊட்டச்சத்துப் பாடம் எடுத்தவன்

கணக்கு படிப்பவனும் வேறு துறைப் பாடம் ஒன்றை எடுத்தாக வேண்டும் என்பது எங்கள் பெரம்பலூர் கல்லூரியின் விதி. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் எல்லாருக்கும் கம்ப்யூட்டர் பைத்தியம். எங்கள் வகுப்பே அதற்கு முண்டியடித்தது. நான் மட்டும் ஊட்டச்சத்துப் பாடத்துக்குப் பெயர் கொடுத்தேன். அங்கே நான் ஒருவன்தான் ஆண்பிள்ளை. “சத்துணவு ஆயா வந்துட்டாங்கடா, இன்னிக்கு முட்டை உண்டான்னு கேளு” என்று பையன்கள் கேண்டீன் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். சிரித்துக்கொண்டே போய்விடுவேன், உள்ளுக்குள் எரியும்.

காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை முற்றி, கிட்னி வரைக்கும் போய்விட்டிருந்தது. கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. உப்பைக் குறைக்காவிட்டால் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா கேட்கிற ஆளா? கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. “உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க? அந்த டாக்டரு அவரு வூட்ல அப்படித்தான் திங்கிறாராமா?” என்பாள். எதில் என்ன இருக்கிறது என்று முறையாகப் படித்துவிட்டால் அவளைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பினேன். அந்த வயதில் அப்படியெல்லாம் நம்ப முடிந்தது.

எங்கள் ஊர் குரும்பலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அடுப்படிக்குப் போவேன். “அடுப்பூதவா உன்னைக் காலேஜுக்கு அனுப்புனேன்?” என்று அப்பா கத்துவார். முதலில் செய்தது சுரைக்காய்க் கூட்டு. உப்பு போடவில்லை, மிளகும் வறுத்த சீரகமும் போட்டேன். வாயில் வைத்துப் பார்த்தால் எனக்கே இறங்கவில்லை. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “நல்லாத்தான்டா இருக்கு” என்றாள். தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அப்பா பாவம் பார்த்து ஊறுகாயை நகர்த்திவைத்தார். “எம்புள்ள எனக்குன்னு படிச்சிட்டு வந்து செய்யிறான், இதை எடுத்துட்டுப் போங்க” என்று தள்ளிவிட்டாள்.

அன்றோடு வீட்டில் கருவாட்டு வாசம் நின்றது. கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. நானே வைத்தியம் பார்த்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் நோய் என் பாடத்தைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. மார்கழியில் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தை பிறக்கும் முன்னால் போய்விட்டாள். டாக்டர் மேல் கோபம், பாடத்தின் மேல் கோபம். அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று, இன்னும் ஆறாமல் இருக்கிறது. எப்படியும் போகிறவள் ஆசைப்பட்டதைத் தின்றுவிட்டாவது போயிருக்கலாம்.

பாடத்தின் கடைசியில் செய்முறைத் தேர்வு. நோயாளி ஒருவருக்கு ஏற்ற சாப்பாடு செய்து வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது சுரைக்காய்க் கூட்டுதான். வெளியூரிலிருந்து தேர்வுக்கு வந்திருந்த மேடம் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். முகம் சுளித்தார்.

“பத்தியமெல்லாம் சரிதாம்ப்பா. ஆனா இதை எந்தப் பேஷண்ட் சாப்பிடுவாங்க, சொல்லு?”

“தட்டை வழிச்சுச் சாப்பிட்டாங்க மேடம்” என்றேன்.