நீறு பூசாத நெத்தி

இந்தத் திருவனந்தபுரத்துல உப்பு ஜாடி தானா தண்ணி விடும். துவைச்சுப் போட்ட சேலை மறுநாளும் காயாது. இப்படி ஈரம் ஊறின ஊர்ல எங்க வீட்டுக்காரர் தோலு மட்டும் வெடிச்சுக் கிடந்துச்சு. ஊர்ல இருக்கிறவங்க நம்ப மாட்டாங்க. தென்காசிப் பக்கத்து வறட்டுக் காத்துல கூட அவருக்கு ஒரு வெடிப்பு விழுந்ததில்ல. இப்ப வாதம் வந்து படுத்த படுக்கை, பேச்சும் நின்னுபோச்சு. பேச்சு இருந்தப்பவே சொல்லிவச்சது ஒண்ணுதான்: "என்னைய இங்க எரிச்சிராத. நம்ம ஆத்தங்கரைக்குக் கொண்டு போயிரு."

சாலைக் கடைத்தெருவுல மூட்டை சுமந்த காலத்துல இங்கத்த ஆளுங்க, தமிழாளுங்கற இளக்காரத்துல, அவரை "ஏ பாண்டி"ன்னுதான் கூப்பிடுவாங்க. மறுநாள் நெத்தியிலயும் நெஞ்சுலயும் கையிலயும் இன்னும் தடிப்பாத் திருநீறு பூசிட்டுப் போவாரு. அவரு படுத்த பிறகும் நான் அதை விடல. சோப்புப் போட்டுத் துடைச்சு, பட்டை பட்டையா நீறு, கழுத்துக்குப் பவுடர். என் ஆளு நோயாளி மாதிரிக் கிடக்கக் கூடாதுங்கற வீம்பு எனக்கு. ஒரு நாள் அவரு கையில நீறு பூச விரலை வச்சு இழுத்தேன், தோலு வெங்காயச் சருகாட்டம் கூடவே வந்துருச்சு.

படுத்துக் கிடக்கிறவங்களை வீட்டுல வந்து பார்க்கிற மலையாளத்து நர்சம்மா அதைப் பார்த்துட்டுத் தலையில கைவச்சுச்சு. "அம்மே, சாம்பலும் பவுடரும் வேண்டா கேட்டோ. உள்ள இருக்கற ஈரத்தையும் அது குடிச்சிரும்."

"சாம்பல் இல்ல, திருநீறு"ன்னேன்.

சிரிச்சுச்சு, ஆனா விடல. "மேல்தோலு மதில் மாதிரி அம்மே. கல்லுக்கு நடுவுல சாந்து உதிர்ந்து போச்சு. சோப்பு இன்னும் உதிர்க்கும். துடைச்ச ஈரம் காயறதுக்கு முன்ன இந்தக் கிரீமை மெதுவா இடணும். உள்ள ஈரம் நிக்கும்."

"மதிலு பழையபடி ஆயிருமா?"

"இடியாம நிக்கும். அத்தர, அவ்வளவுதான்."

சொன்னபடி செஞ்சேன். வெடிப்பு மூடுச்சு. ஆளு மட்டும் அப்படியேதான் கிடந்தாரு.

அப்பத்தான் ஊர்லேருந்து அவரு தம்பி பார்க்க வந்தாரு. அங்க காரியம் நடக்கணும்னா அவரு வார்த்தைதான். மினுமினுன்னு இருந்த வெறும் நெத்தியைப் பார்த்ததும் வாசப்படியிலயே நின்னுட்டாரு.

"என்ன மைனி, வேதத்துல சேந்து கிறிஸ்தவங்களா ஆயிட்டியளா?"

"தோலு தாங்கலய்யா. கிரீம்தான் போடணுமாம்."

"எண்ணெய் பூசி ஜெபம் பண்றவங்களை எனக்குத் தெரியாதாக்கும்? ஆத்தங்கரையில எரிக்க நம்மாளுக ஒத்துக்கிட மாட்டாங்க. இங்கதான் கரண்டுச் சுடுகாடு இருக்குல்லா."

போட்ட காப்பியைத் தொடல. அவரு முன்னாலயே அள்ளிப் பூசிக் காட்டியிருக்கலாம். பூசினா அந்த நெத்தியும் உரிஞ்சு வரும். காலைப் பிடிச்சுக் கெஞ்சவும் எனக்கு வராது. படியிறங்கிப் போறவரைப் பார்த்துக்கிட்டே நின்னேன். படுத்திருந்தவரு கண்ணு ஓரத்துல தண்ணி வழிஞ்சுச்சு. ஒத்தி எடுத்தேன்.

இப்பவும் காலையில நெத்தியைத் துடைச்சு, ஈரத்தோட, மூணு விரல்ல கிரீமைத் தொட்டு மெள்ள இழுக்கிறேன். வெள்ளை வெளேர்னு மூணு கோடு விழுது. அந்தச் சித்த நேரம் அவரு எங்க ஊர்க்காரரு. பார்த்துக்கிட்டு இருக்கும்போதே தோலு அதைக் குடிச்சிருது. அப்புறம் வெறும் நெத்திதான்.