ஒயில் போட்ட செயின்

மகள் தன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒயில் குப்பியைத் திறந்தாள். அந்த மணம் போதும்.

நான் சிறுவனாக இருந்தபோது நாவற்குடாவில் வாவியின் உப்புக்காற்று என் அப்பாவின் சைக்கிள் செயினை அரித்துக்கொண்டே இருக்கும். மிதித்தால் தெருவுக்கே கேட்கும். அம்மா ஒயில் போட விடமாட்டார். "கீச்சுச் சத்தம் கேட்டாத்தான் சென்றியில நிக்கிற ஆமிக்காரனுக்கு நீங்க வாறது தெரியும்."

ஒருநாள் அப்பா பொறுமையிழந்தார். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, பல்சக்கரம்வரை ஒயில் விட்டார். மறுநாள் விடியற்காலைப் பனியில் மீன் எடுக்கப் போனார். சத்தமில்லாமல் முன்னால் வந்த உருவத்தைக் கண்டு மிரண்ட சென்றிக்காரன் சுட்டுவிட்டான்.

சைக்கிளைத் திருப்பித் தந்தார்கள். அம்மா அதை வீடுவரை உருட்டி வந்தார். வழியெல்லாம் அது ஒரு முனகல்கூட இல்லாமல் உருண்டது.

"அப்பா, செயினுக்கு விடவா?"

"வேணா மகள். கத்தட்டும்."