வரி எண் போடாத கட்டளை

எங்கள் மீனவர் சங்கத்து எழுதுவினைஞன் றிம்சானைக் கறுப்புத் திரைக்காரன் என்று கேலி செய்வோம். சங்கத்தில் இருப்பது ஒரு பழைய கம்ப்யூட்டர். மவுசைத் தொட்டாலே உறைந்துவிடும். அதனால் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டியே அவன் வேலை பார்ப்பான்.

கடலுக்குப் போகிற எல்லோருடைய விபரமும் ஒரே கோப்பில், ஆளுக்கு ஒரு வரியாக இருக்கும். ‘கிரெப்’ என்று தட்டிப் பெயரைக் கொடுத்தால் அந்த வரி மட்டும் வரும். திருத்துவதற்கு ‘செட்’. எத்தனையாவது வரி என்று சொன்னால் அதில் மட்டும் சொல்லை மாற்றும்; சொல்லாவிட்டால் கோப்பு முழுக்க மாற்றிவிடும். றிம்சானுக்கு இது தெரியாததல்ல. திருத்தியதை ஒரு தடவை வாசிக்காமல் எழும்பவும் மாட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவனுடைய மாமா சீனிமுகம்மதின் மையித்து கரையொதுங்கியது. இருபது நாளாக அவரும் கூடப்போன ஆதம்பாவாவும் கோப்பில் ‘காணவில்லை’. ஜும்ஆத் தொழுகைக்கு முன், பிரார்த்தனைக்கான பெயர்ப்பட்டியல் பள்ளிவாசலுக்குப் போகவேண்டும். றிம்சான் அழுதுகொண்டே காணவில்லை என்பதை, இறந்துவிட்டார் என்ற பொருளில், மௌத் என்று மாற்றினான். வரி எண்ணைப் போடவில்லை. திரும்ப வாசிக்கவுமில்லை. அச்செடுத்துக் கொடுத்துவிட்டு மையித்து வீட்டுக்கு ஓடினான்.

பள்ளியில் மௌத்தானவர்களென்று இரண்டு பெயரையும் வாசித்துத் துஆ கேட்டார்கள். நானும் ஆமீன் சொன்னேன். ஆதம்பாவா மௌத்தான சேதி எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்.

மூன்றாம் நாள் என் மனைவி கேட்டாள்: “ஆதம்பாவாட மையித்து எங்க கிடைச்ச? அவர்ர பொஞ்சாதி நஸீறா இத்தாவுல இரிக்காளே.”

சங்கத்துக்கு ஓடினேன். றிம்சான் ‘மௌத்’ என்று கொடுத்து கிரெப் தட்டினான். இரண்டு வரி வந்தது. எண்ணைப் போட்டு ஆதம்பாவாவின் வரியை மட்டும் பழையபடி ஆக்கினான். இரண்டு தடவை வாசித்தான்.

கணவனை இழந்தவள் இத்தா இருக்கும் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களுக்கு முகம் காட்டமாட்டாள். நஸீறாவின் அறைவாசலில் திரை தொங்கியது. நாங்கள் வெளியே நின்றோம். றிம்சான்தான் பேசினான்.

“ராத்தா, நான்தான் பிழை உட்டுட்டன். மச்சான் மௌத்தெண்டு ஒருத்தரும் சொல்லல்ல. இப்ப திருத்திட்டன்.”

திரைக்கு உள்ளிருந்து நஸீறா கேட்டாள்:

“அப்ப நான் வெளிய வரலாமா தம்பி?”

றிம்சான் என் பக்கம் திரும்பினான். நான்தான் “ஓம்” என்றேன்.

அன்று பின்னேரம் படகுகள் கரைக்கு வரும் நேரம், நஸீறா முன்போலவே ஆதம்பாவாவைத் தேடி மணலில் வந்து நின்றாள். இத்தாவுக்கு உடுத்த வெள்ளைச் சேலையை அவள் மாற்றியிருக்கவில்லை.